கைகளுக்கு மென்மையானது

இமெல்டாவின் கையைப் பார்த்துப் பலன் சொல்ல எந்தச் சாத்திரியாலும் முடியாது. ரேகை இருந்தால்தானே சொல்லுவதற்கு. வெள்ளவத்தைக் கல்யாண மண்டபம் ஒன்றின் குசினியில் பதினொரு வருசமாக அவள் கோப்பை கழுவுகிறாள். முகூர்த்த நாளென்றால் அறுநூறு பேர், எழுநூறு பேர் சாப்பிட்ட கோப்பைகள். கழுவிக் கழுவி உள்ளங்கை வெளுத்து, விரல் மடிப்புகள் எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. மண்டபத்தில் வாங்கிவைக்கும் திரவத்தின் கலனில் ‘கைகளுக்கு மென்மையானது’ என்று பச்சை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு ரோசாப்பூவும் கீறியிருப்பார்கள். அந்தப் பூவைக் கீறினவனின் கையை ஒருநாள் முழுக்கத் தொட்டிக்குள் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பது இமெல்டாவின் நெடுநாள் ஆசை.

அது நிறைவேறுகிற காரியமாகத் தெரியாதபடியால், கொட்டாஞ்சேனையில் தன் வீட்டுப் பின்முற்றத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்ப் பரலை வைத்துத் தானே திரவம் கலக்கத் தொடங்கினாள். ஆறு வருசமாகிறது. புறக்கோட்டையில் சல்போனிக் அசிட் வாங்குவாள். பார்க்கக் கித்துள் பாணி மாதிரிக் கபில நிறத்தில் தடித்து வழியும், பட்டால் தோல் போய்விடும். கோஸ்டிக் சோடாச் செதிலும் வாங்குவாள். அது அசிட்டுக்கு அண்ணன். இந்த இரண்டு பொல்லாததையும் தண்ணீரில் வைத்து, மெல்ல மெல்ல, இரண்டு மணித்தியாலம் துடுப்பால் கிண்டிச் சேர்த்தால் இரண்டின் கொழுப்பும் அடங்கி, நுரைக்கிற ஒரு சாது மிஞ்சும். சாதுவாகிவிட்டதா என்று பார்க்க அவளிடம் இரண்டு வழி இருந்தது. முதலில் நிறம் மாறுகிற பேப்பர்த் துண்டு. அது பச்சை காட்டினால், ஆட்காட்டி விரலின் வெடிப்பில் ஒரு சொட்டு. பேப்பர் சிலவேளை பொய் சொல்லும். வெடிப்பு இன்றுவரை பொய் சொன்னதில்லை.

மண்டபத்துக்குப் புதிதாக வந்த மனேஜர் பாலசுந்தரம் ஒருநாள் அவளுடைய போத்தலை வாங்கித் தானே ஒரு சட்டியைக் கழுவிப் பார்த்தார். ஆட்டிறைச்சிக் கொழுப்பு மறுபேச்சில்லாமல் கழன்றது. மனிதருக்கு அதைவிட நுரைதான் பிடித்துப்போனது.

“கிழமைக்கு இருபது கலன் எடுப்பம் இமெல்டா. நீங்கள் பிறகு தொட்டியடியில நிக்கத் தேவையில்லை. முகத்துவாரத்தில இருந்து டிலக்ஷி எண்டு ஒரு பிள்ளை வாறா, திங்கட்கிழமை தொடக்கம் அவவைப் போடலாம். ஒண்டே ஒண்டு. இந்தப் படிவத்தில இரசாயனப் பட்டதாரி ஒருத்தர் கையெழுத்து வைக்கவேணும்.”

“அது இல்லாட்டி?”

“இல்லாட்டி வழமைபோலத்தான். நீங்கள் கழுவுங்கோ, டிலக்ஷி துடைக்கட்டும்.”

திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. அதற்குள் ஒரு பட்டதாரியைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் இந்தக் கைகள் தப்பும். பிடிக்காவிட்டால் அவை இருக்கிற கோலத்தில் இன்னும் எத்தனை வருசம் தாங்கும் என்று அவளுக்கே தெரியாது.

போத்தல் வாங்கும் வெள்ளவத்தை வீடுகளில் ஒன்று கனகேஸ்வரியுடையது. விசயத்தைக் கேட்டதும் அவள், “எங்கட இவர் இருக்கிறார்தானே” என்றாள்.

எங்கட இவர் என்பது அவளுடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராசா மாஸ்டர். ஊர் வழக்கில் ஸ்ரீ சேர். முப்பத்தொரு வருசம் உயர்தரத்துக்கு இரசாயனம் ரியூசன் கொடுத்தவர். கொழும்பிலுள்ள தமிழ் டொக்டர்மாரில் பாதிப்பேர் தன்னிடம் படித்தவர்கள் என்று சொல்வார். பெயிலாகிப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தான் படிப்பித்த திரவங்களில் முக்காற்பங்கை அவர் கண்ணால் கண்டதே கிடையாது. கண்டதெல்லாம் வெண்பலகையும் நீலப் பேனையும்தான். இணையத்தில் படிப்பிக்கிற சூம் மாஸ்டர்மார் வந்தபிறகு கதிரைகள் மடிக்கப்பட்டு, பலகை மட்டும் வரவேற்பறையில் மிஞ்சியிருந்தது. கனகேஸ்வரியும் அதே பல்கலைக்கழகம், அதே வருசம், அதே பாடம். பட்டத்தின் சித்தி வகுப்பில் அவரைவிட ஒரு படி மேல். ஆனால் கலியாணத்தோடு அந்த வீட்டுக்கு ஒரு இரசாயனக்காரர் போதும் என்று முடிவாகியிருந்தது. அந்த முடிவை எடுத்தது யார் என்று கேட்டால் அவள் சிரிப்பாள்.

இமெல்டாவைக் கதிரையில் இருத்திவிட்டு ஸ்ரீ சேர் பலகைக்குப் போனார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு மாணவி. பேனை மை வற்றும்வரை எழுதினார். மண்ணெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நீளச் சங்கிலிகள். அதைப் பென்சீன் வளையத்தில் கொழுவினால் அற்கைல்பென்சீன். அதைப் பெரிய தொழிற்சாலைகளில் குழாய்ச் சுவரில் மெல்லிய படலமாக வழியவிட்டு, கந்தக மூவொட்சைட்டு வாயுவைச் செலுத்தினால் சல்போனிக் அமிலம். அதைக் காரத்தோடு சேர்த்தால் உப்பு.

“தலை ஒண்டு, வால் ஒண்டு. வால் பன்னிரண்டு காபன் நீளம். தலை தண்ணியோட நிக்கும். வால் எண்ணெய்க்குள்ள போய்க் குத்தி நிக்கும். ஆயிரம் வால் சேர்ந்து குத்தினால் எண்ணெய் உருண்டையாக் கழண்டு வரும்.”

இமெல்டா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருசமாகத் தன் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தது இதுவா என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த நிமிசம் அந்த மனிதர்மேல் உண்மையாகவே பக்தி வந்தது.

“அப்ப சேர், எண்ணெயில இருந்து வந்த சாமான்தான் எண்ணெயைக் கழுவுதா? சொந்தக்காரன் எண்டபடியா உள்ள விடுதா?”

ஸ்ரீ சேர் பேனையை மூடினார். “பிள்ளை, அது பரீட்சைக்கு வராது” என்றார்.

கையெழுத்து வைக்க ஒத்துக்கொண்டார். ஆனால் சும்மா வைக்க மாட்டாராம். வெள்ளிக்கிழமை தானே கொட்டாஞ்சேனைக்கு வந்து, தன் கணக்கின்படி, தன் கையால் கலப்பாராம். அதற்குமுன் லேபலும் அடித்துவிட்டார். கழுத்தில் ரை கட்டிய அவருடைய படம், கீழே ‘ஸ்ரீ சேர்’, அதற்குக் கீழே ‘கைகளுக்கு மென்மையானது’. ரோசாப்பூ இருந்த இடத்தில் மாஸ்டரின் முகம் இருந்தது. இமெல்டா பல்லைக் கடித்துக்கொண்டு இருநூறு லேபலையும் வாங்கி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர், வெள்ளவத்தைக் காலி வீதி நெரிசலில் அகப்பட்டு ஒன்பது ஐம்பதுக்குத்தான் வந்து இறங்கினார். கூடவே கனகேஸ்வரி, தண்ணீர்ப் போத்தலும் விசிறியும் அவருடைய கண்ணாடிக் கூடுமாக. வந்ததும் வராததுமாக அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள முடிச்சுப்போட வேணும்.”

விஞ்ஞானத்தில் நம்பிக்கைக்கு இடமில்லை என்று நாலாயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர்தான். என்றாலும் எந்த வகுப்பையும் அவர் ராகு காலத்தில் தொடங்கியதில்லை. இமெல்டாவும் அசிட் கலனைத் திறக்குமுன் சிலுவை போட்டுக்கொள்பவள்தான். அதனால் அவள் சிரிக்கவில்லை. ஆனால் மாதா ஒருநாளும் அவளை அவசரப்படுத்தியதில்லை.

“சேர், இது ரெண்டு மணித்தியால வேலை. கோஸ்டிக் தண்ணிய கப் கப்பாத்தான் ஊத்தணும். சூடு ஏறும்.”

“நடுநிலையாக்கல் கண்மூடித் திறக்கிறதுக்குள்ள நடக்கிற தாக்கம். அதை ஏன் ரெண்டு மணித்தியாலம் இழுக்கிறது? நான் கணக்குப் பார்த்துத்தான் கொண்டுவந்தனான். இவ்வளவு அமிலத்துக்கு இவ்வளவு காரம். கிராம் பிசகாது.”

பரலில் அசிட் கரைத்த தண்ணீர் தயாராக இருந்தது. முதல்நாளே கரைத்து ஆறவைத்த கோஸ்டிக் தண்ணீரை அவர் அளந்தார். அளந்ததில் குறைசொல்ல முடியாது, சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பிறகு வாளியைத் தூக்கி ஒரே ஊற்றாக ஊற்றிவிட்டு, துடுப்பை எடுத்துக் கள்ளனைக் கண்டவன்போல அடிக்கத் தொடங்கினார்.

பரல் முதலில் உறுமியது. அடுத்ததாகச் சுட்டது. அதற்குப் பிறகு நுரை எழும்பியது. ஸ்ரீ சேரின் வாழ்க்கையில் அவர் சொன்னதைக் கேட்டு இவ்வளவு உற்சாகமாக எழும்பி நின்ற வகுப்பு வேறெதுவும் இல்லை. நுரை பரலின் வாயைத் தாண்டி, அவருடைய சப்பாத்தைத் தாண்டி, பின்கதவால் ஒழுங்கைக்குள் இறங்கியது. அயல்வீட்டுப் பெண்கள் வாளியோடு ஓடிவந்து சும்மா கிடைத்ததை அள்ளினார்கள். இரண்டு நிமிசத்தில் அதே வேகத்தில் திரும்பி ஓடிக் குழாயடியில் கை கழுவினார்கள்.

பத்து இருபத்தெட்டுக்கு மாஸ்டர் துடுப்பை வைத்தார். “முடிஞ்சுது” என்றார், நெற்றி வியர்வையோடு.

இமெல்டா பேப்பர்த் துண்டைத் தோய்த்தாள். அது பச்சையில் நிற்கவில்லை. கடும் நீலத்துக்குப் போய்விட்டது. ஆட்காட்டி விரலில் ஒரு சொட்டு விட்டாள். நெருப்புக்குச்சி வைத்ததுபோல எரிந்தது. கோஸ்டிக் மிஞ்சிப்போய்விட்டது.

“சேர், இது கூடிப்போச்சு. கொஞ்சம் கொஞ்சமா அசிட் விட்டுச் சரிக்கட்டலாம். ஒரு ஒண்டரை மணித்தியாலம் தாங்க.”

“உம்மட பேப்பர் பழசு.”

“விரலும் எரியுது சேர்.”

“உம்மட விரல் அதைவிடப் பழசு. பிள்ளை, என்ர கணக்கு பிழைக்காது. நாலாயிரம் பேர் இந்தக் கணக்கைச் செய்து பாஸ் பண்ணினவை. நீர் இதில ஒரு சொட்டு விட்டாலும் அது என்ர திரவம் இல்லை. மாத்தின திரவத்துக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன்.”

சொல்லிவிட்டு, ராகு காலம் தொடங்கிவிட்டபடியால், நிழலில் போட்டிருந்த கதிரையில் போய் இருந்தார். இமெல்டா கொடுத்த தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

இமெல்டா பரலடியில் நின்றாள். பன்னிரண்டரைக்குப் பாலசுந்தரம் வான் கொண்டுவருவார். பின்னேரத்து வரவேற்புக்கு இதைத்தான் பாவித்துப் பார்க்கப் போகிறார்கள். இப்படியே கலனில் அடைத்து லேபலை ஒட்டினால் கையெழுத்து வரும், ஓடர் வரும், திங்கட்கிழமை அவள் தொட்டியடிக்குப் போகத் தேவையில்லை. போகப்போவது டிலக்ஷிதான். இருபத்திரண்டு வயது, கை இன்னும் முழுசாக இருக்கிறது. இமெல்டா அவளை ஒரேயொரு தடவைதான் பார்த்திருக்கிறாள். அந்தக் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டது ஞாபகம் வந்து, அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன் கையைக் காப்பாற்ற இன்னொருத்தியின் கையைக் கொடுப்பதென்றால், அந்த ரோசாப்பூக்காரனை இத்தனை வருசம் திட்டினதில் என்ன நியாயம்?

ஒரு சட்டியில் அந்தத் திரவத்தை ஊற்றிக் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்தாள். மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காலடியில் வைத்தாள்.

“சேர், குடிச்ச கப்பை இதில ஒருக்கா கழுவித் தாங்க. அஞ்சு நிமிசம். கழுவித் தந்தீங்கண்டா நான் ஒண்டும் கேக்க மாட்டேன். அப்பிடியே அடைச்சு அனுப்புறேன்.”

ஸ்ரீ சேர் கப்பைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். அழுக்கு எப்படிக் கழல்கிறது என்று முப்பத்தொரு வருசம் படிப்பித்தவருக்குக் கப்பை எந்தக் கையால் பிடிப்பது, எந்தக் கையால் தேய்ப்பது என்பதில் ஒரு குழப்பம் வந்துவிட்டது. சொந்தமாக ஒரு கப் கழுவியிருந்தால்தானே.

“நான் என்னத்துக்குக் கழுவ? இவ இருக்கிறாதானே.”

கனகேஸ்வரி கப்பை வாங்கினாள், கைகளைச் சட்டிக்குள் விட்டாள். காலையில் வெங்காயம் வெட்டும்போது பெருவிரலில் பட்ட காயம் ஒன்று இருந்தது. அவளுடைய முகம் சுருங்கியது. என்றாலும் கையை எடுக்கவில்லை. உள்ளேயும் வெளியேயும் தேய்த்து, பிடியையும் தேய்த்து, ஐந்து நிமிசமும் வைத்திருந்துவிட்டுத்தான் எடுத்தாள். கை சிவந்து தடித்திருந்தது.

“எரியுது” என்றாள்.

“அது உமக்குப் பழக்கமில்லாதபடியால்.”

“கோப்பை கழுவுறதோ எனக்குப் பழக்கமில்லை?”

கனகேஸ்வரி குழாயடியில் கையைக் கழுவிவிட்டு வந்து, மூலையிலிருந்த அசிட் கலனைத் திருப்பிப் பார்த்தாள்.

“இதை எத்தினை வீதம் எண்டு கணக்குப் பார்த்தனியள்?”

“தொண்ணூற்றாறு. லேபலில கிடக்கு.”

“புறக்கோட்டையான் ஒட்டின லேபலை நம்பியோ?”

“தண்ணி கலப்பாங்க அக்கா,” என்றாள் இமெல்டா. “ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி. அதாலதான் நான் கணக்குப் பார்க்கிறதில்ல. சொட்டுச் சொட்டா விட்டுப் பேப்பரப் பார்க்கிறது.”

“இமெல்டா, நீர் செய்யிறதுக்கு இரசாயனத்தில பேர் நியமிப்பு. இவர் அதை வருசத்தில ரெண்டு மாசம் படிப்பிப்பார்.”

ராகு காலத்தில் மாஸ்டர் எழும்பி வந்து எதையும் தடுக்கப்போவதில்லை. இரண்டு பெண்களும் பரலடிக்குப் போனார்கள். இமெல்டா அகப்பையால் அசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, கனகேஸ்வரி துடுப்பால் மெல்லக் கிண்டினாள். நீலம் கொஞ்சம் வெளிறியது. பொறுத்தார்கள். இன்னொரு அகப்பை. கனகேஸ்வரி ஒவ்வொரு பேப்பர்த் துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த விதத்தில், ஐந்து வருசமாகப் போத்தல் வாங்கும் அக்கா என்று நினைத்திருந்தவள் வேறு யாரோ மாதிரித் தெரிந்தாள். பன்னிரண்டு மணியாகும்போது பேப்பர் பச்சை காட்டியது. இமெல்டா வெடிப்பில் ஒரு சொட்டு விட்டாள். கனகேஸ்வரி தன் பெருவிரலில் ஒரு சொட்டு விட்டாள். இரண்டும் சும்மா இருந்தன.

“படிவத்தை இஞ்ச கொண்டு வாரும்.”

“அக்கா?”

“இரசாயனப் பட்டதாரி எண்டுதான் இதில கிடக்கு. மாஸ்டர் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை.”

முழங்காலில் வைத்து எழுதினாள். பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போடுமுன் பேனை கொஞ்சம் நின்றது. பிறகு வகுப்பையும் சேர்த்து எழுதினாள். மாஸ்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலசுந்தரம் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒரு விரலை விட்டார், நுரையைப் பார்த்தார், தலையாட்டினார். படிவத்தைப் பார்த்ததும் தலை நின்றது.

“இது மிஸிஸ் எல்லோ? சேர் வைக்கேல்லையோ? லேபலில சேரின்ர படம்தானே போட்டிருக்கு.”

பேப்பரை மடிக்கிறதா விரிக்கிறதா என்று அவர் கை தடுமாறியது. ஸ்ரீ சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து வந்தார். பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது. நேரம் நல்ல நேரம்.

“நான் சொல்லித்தான் இவ வைச்சவ. கணக்கு முழுக்க என்னுடையது. இந்தப் பிள்ளை பக்கத்தில நிண்டு கிண்டினது. என்ன பிள்ளை?”

இமெல்டாவின் வாயில் நல்ல கொட்டாஞ்சேனைத் தமிழ் நாலு சொல் வந்து நின்றது. கனகேஸ்வரியைப் பார்த்தாள். கனகேஸ்வரி சிவந்த கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஓமெண்டு சொல்லிவிடு என்பதுபோல, கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். முப்பத்தொரு வருசமாகக் கனகேஸ்வரி செலுத்தி வந்த வரி அது. அதன் அளவு அவளுக்குத் தெரியும்.

“ஓம் சேர்” என்றாள் இமெல்டா.

பாலசுந்தரத்தின் முகம் தெளிந்தது. மாஸ்டரைப் பரலுக்குப் பக்கத்தில் நிற்பாட்டி ஒரு படமும் எடுத்தார். இருபது கலனும் வானில் ஏறின. மாஸ்டர் சொன்ன அவ்வளவு பெரிய பொய்யை இமெல்டா பூசையில்கூடக் கேட்டதில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டுத் தொட்டியடிக்குத் திரும்பிப் போக அவளுடைய கைகளில் தோல் மிச்சமில்லை.

திங்கட்கிழமை புதுக் கிழமைக்கான இருபது கலனோடு கணவன் ஹியூபேட்டின் ஓட்டோவில் மண்டபத்துக்குப் போனாள். முன்வாசலால் இறக்க வேண்டாம், விருந்தாளிகள் வருகிற வழி என்று காவலாளி பின்பக்கத்துக்கு அனுப்பினான். பதினொரு வருசம் நடந்த அதே வழியால் போனாள். தொட்டியடியில் டிலக்ஷி, ஞாயிற்றுக்கிழமைக் கலியாணத்துக் கோப்பை மலைக்கு முன்னால் நின்றாள். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தாள். தண்ணீரில் நுரை நிரம்பியிருந்தது. கை மட்டும் வெளியே இருந்தது.

“அக்கா, இது எரியாதா? கலன்ல மென்மை எண்டு போட்டிருக்கு. ஆனா எல்லாத்திலயும் அப்பிடித்தானே போடுறாங்க.”

இமெல்டா என்ன சொல்லுவாள்? பட்டதாரி கையெழுத்து வைத்த கதையையா, ரை கட்டின படத்தின் கதையையா? இனி இந்தத் தொட்டிக்குள் கை வைப்பதில்லை என்று வெள்ளிக்கிழமை இரவு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திச் சொன்னவள், கைப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். வெடித்த இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை நுரைக்குள் விட்டாள். எடுக்காமல் வைத்திருந்தாள்.

டிலக்ஷி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் போனபிறகு தன் கையையும் உள்ளே விட்டு, முதல் கோப்பையை எடுத்தாள்.